எட்டுப் பேரைக் கூப்பிட ஒரு சொல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அகராதிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரோடு சரி. சின்ன வயதில் "அகராதி புடிச்சவ" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட வசை, கடல் தாண்டி வந்த ஊரில் செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அங்கே அவளுக்கு அழுக்குத் துணி பிரிக்கும் வேலை. வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் மூட்டைகளை அவிழ்ப்பாள். விரிப்பு ஒரு பக்கம், தலையணை உறை ஒரு பக்கம், அறுவை அறைத் துணி தனி. கை தானாகப் பிரித்துக்கொண்டே போகும். மனசு சும்மா இருக்குமா? அது சொற்களைப் பிரித்துக்கொண்டிருக்கும். இரண்டு மொழிகளில் படித்துப் பட்டம் வாங்கியவள். இங்கே வந்து சேர்ந்ததும் பட்டம் அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பொது நூலகத்தில் நுழைந்து, ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் சொல்லும் பெரிய அகராதியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

இந்தப் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது உடை மாற்றும் அறையின் கதவு. அதன் கண்ணாடியில் 'லேடீஸ்' என்று வளைந்த எழுத்தில் பொறித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு தகரப் பலகையில் 'ஃபீமேல் ஸ்டாஃப்'. அதற்கும் கீழே, புதிதாக ஒட்டிய பிளாஸ்டிக்கில் 'விமன்'. பழையதைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. ஒரே கதவு, உள்ளே போகிறவர்களும் அதே ஆட்கள், பெயர் மட்டும் மூன்று. எது எப்போது வந்தது, எதற்காக மாறியது என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தார்கள். அவள் நூலகத்துக்குப் போனாள். போனவள் போனவள்தான். பெண்களைக் கூட்டமாகக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள், ஒவ்வொன்றும் எந்த வீட்டில் பிறந்து எந்தத் தெருவில் சீரழிந்தது என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

அது ஒருநாள் வேலைக்கு ஆகும் என்று அவளே நினைக்கவில்லை.

மருத்துவமனையில் வருடா வருடம் விளையாட்டு விழா உண்டு. கயிறிழுக்கும் போட்டியில் பெண்கள் பிரிவுக்கு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எட்டுப் பேர் இறங்குவார்கள். வரிசைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எதிரணி மூச்சு விடும் நேரம் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். குரல் விழுந்த நொடியில் எட்டுப் பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும். சலவைக்கூடத்து அணிக்குக் குரல் கொடுப்பவர் பாய்லர் அறைக்காரர். நீராவி ஊதல் மாதிரிக் குரல். அவர் குரல் கொடுத்த வருடங்களில் எல்லாம் அணி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது.

தேநீர் இடைவேளையில் அவர் அலுத்துக்கொண்டார். "பொம்பளைங்களுக்கு எவ்வளவு கத்துனாலும் ஏறாது. போனது என் தொண்டைதான்."

"ஏறாததுக்குக் காரணம் அவங்க காது இல்லண்ணே" என்றாள் அகராதி, பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே. "நீங்க கூப்பிடற விதம்."

அணியின் தலைவி, இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்ப்பவள், எல்லோருக்கும் இஸ்திரியக்கா, கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீ கூப்பிடு பாக்கலாம்."

அகராதிக்குப் பிஸ்கட் தொண்டையில் நின்றது. அவளோ ஒல்லி. காற்றடித்தால் காயப்போட்ட துணியோடு பறந்துவிடுவாள் என்று கேலி பேசுவார்கள். கயிற்றுப் பக்கம் யாரும் அவளை விட்டதில்லை. ஆனால் கயிற்றைத் தொடாமலே கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்ற நினைப்பு வந்ததும் காது மடல் வரை சூடேறியது.

அன்று மாலை இஸ்திரியக்கா அவளைத் தனியாக இழுத்துப் பிடித்தாள். "இத பாரு, அவரு எங்க அக்கா புருஷன். சும்மா நிறுத்துனா எனக்கு வீட்ல சோறு இறங்காது. நீ ஜெயிச்சுக் காட்டு, மத்தத நான் பாத்துக்கறேன். தோத்தியோ, மாமாதான் இந்த டீமுக்குக் குரல். அடுத்த வருஷமும் அவருதான், அதுக்கு அடுத்த வருஷமும் அவருதான். வாயைத் திறக்கக் கூடாது நீ."

"திறக்க மாட்டேங்க்கா."

"திறக்காம இருக்கப் போறியா நீ!" என்று இஸ்திரியக்காவே சிரித்துவிட்டாள்.

எட்டுப் பேருக்கும் சேர்த்து வீட்டு மொழி நாலு. அதனால் கூப்பாடு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தள்ளுவண்டிகள் நிறுத்தும் பின்முற்றத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி முதல் பயிற்சி. அகராதி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "லேடீஸ்!" என்றாள்.

எட்டுத் தலைகளும் சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பின. மேற்பார்வையாளர் தினமும் அதில்தான் "லேடீஸ், இயந்திரத்தை நிறுத்தலாம்" என்பார். இரண்டு பேர் கயிற்றைக் கீழேயே போட்டுவிட்டார்கள்.

"ஷிஃப்ட் முடிஞ்சிருச்சாக்கும்?" என்றது நங்கூரம். வரிசையின் கடைசியில் கயிற்றை உடம்போடு சுற்றிக்கொண்டு நிற்பவள். ஈரத் துணி மூட்டையை ஒற்றைக் கையால் இயந்திரத்துக்குள் போடுகிற ஆள். பேரப்பிள்ளைகள் எடுத்தவள்.

மறுபடி இழுத்தார்கள். இன்னொரு வேடிக்கை. 'லே' என்றதும் எட்டுப் பேரும் சரியாகப் பின்னால் சாய்ந்தார்கள். 'டீஸ்' என்றதும் எட்டுப் பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். இழுத்ததெல்லாம் திரும்பிப் போனது. மறுபடி செய்தாலும் அதேதான். இஸ்திரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "யாருடி முன்னால வரச் சொன்னது?" "நீங்களும்தானே வந்தீங்க?" என்றாள் வரிசையில் முதலாவதாக நிற்கும் சின்னது. அணியில் இளையவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

மறுநாள் துணி பிரித்துக்கொண்டிருந்த அகராதி, மடிக்கும் மேசைப் பக்கம் கண் போனதும் துள்ளிவிட்டாள். ஒரு விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். வெடுக்கென்று ஒரு இழுப்பு. உடனே ஆளுக்கு ஓரடி முன்னால் வந்து முனையோடு முனை சேர்ப்பு. இழுப்பு, அடி. இழுப்பு, அடி. நாள் முழுக்க, வருடக்கணக்காக! இந்தக் கால்களிடம் இரண்டு தட்டுச் சொல்லைக் கொடுத்தால் விரிப்பு மடிக்காமல் வேறென்ன செய்யும்?

"ஒரே தட்டு! ஒரே தட்டுல விழற சொல்லு வேணும்!" என்று கையிலிருந்த தலையணை உறையை வீசிக்கொண்டு ஓடினாள். மேற்பார்வையாளர் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு தட்டுச் சொல்லுக்கா பஞ்சம்? முதலில் 'கேர்ள்ஸ்'. கால்கள் சொன்னபடி கேட்டன. நங்கூரம் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"யாருடி கேர்ள்? எம் பேத்தியக் கூட்டிட்டு வரட்டுமா?"

"இல்ல பெரியம்மா, கேளுங்க. அந்தக் காலத்துல கேர்ள்னா சின்னப் பிள்ளன்னுதான் அர்த்தம். ஆம்பளப் பிள்ளையையும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அப்போ உங்க பாய்லர் அண்ணன அப்பிடிக் கூப்பிடு போ. எனக்கு வேணாம்."

பாய்லர்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நான் இத்தன வருஷமா அதச் சொல்லித்தானே கூப்பிட்டேன்?" என்றார். "அதனாலதான் நான் இத்தன வருஷமா இழுக்கல" என்றது நங்கூரம்.

தோற்ற வருடங்களின் ரகசியம் உடைந்துபோனதில் முற்றமே குலுங்கியது. அகராதி சிரிக்கவில்லை. ஒரு சொல் ஒரு ஆளின் இடுப்பையே விறைக்க வைக்கிறது! புத்தகத்தில் படித்தது உடம்பில் ஓடுவதை முதல்முதலாகக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் நூலகத்திலிருந்து ஒரு சொல்லோடு வந்தாள். 'ஒய்ஃப்' கொண்டுவந்த அன்று சின்னது கயிற்றை விட்டுவிட்டு, "யாரு ஒய்ஃப்? எனக்கே இன்னும் ஆள் கெடைக்கல" என்றாள். "ஆளே வேணாம்டி" என்று அகராதி குதித்தாள். "ஆதியில ஒய்ஃப்னா பெண். அவ்வளவுதான். புருஷன் பின்னால வந்து ஒட்டிக்கிட்டான். மீன் விக்கிறவளுக்கு ஃபிஷ்ஒய்ஃப், பிரசவம் பாக்குறவளுக்கு மிட்ஒய்ஃப்னு இங்கிலீஷ்ல இன்னும் அந்தப் பழைய ஒய்ஃப் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு! விமன்ங்கிற சொல்லே அந்த ஒய்ஃபோட மேன் சேந்து வந்தது. மேன்னா அப்போ ஆம்பள இல்ல, மனுஷர்."

"மனுஷர்னு ஒத்துக்கவே ரெண்டு சொல்லு தேவப்பட்டிருக்கு" என்றாள் இஸ்திரியக்கா. ஆனால் அன்று கம்பம் லேசாகச் சாய்ந்தது. இழுப்பு அப்படி.

கிசுகிசு என்பதற்கு இன்று சொல்கிற 'காசிப்' அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் துணை நிற்கும் ஞானத்தாய் முறையில் தொடங்கி, பிரசவக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்த தோழிகளைக் குறித்தது என்றாள் அகராதி. சின்னதுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தட்டாக இருக்கிறதே என்று அகராதிதான் வருத்தத்தோடு ஒதுக்கினாள். நூல் நூற்கிற வேலையின் பெயராகப் பிறந்து, கல்யாணமாகாதவளின் தலையில் முத்திரையாக விழுந்த 'ஸ்பின்ஸ்டர்'. 'டேம்' என்ற பழைய எஜமானி. 'குயின்' கூட ஒரு காலத்தில் வெறும் பெண்தான் என்ற சேதி. அதைக் கேட்டதும் எட்டுப் பேரும் இழுக்காமலே நிமிர்ந்துகொண்டார்கள். 'ஃபீமேல்' என்பதற்கும் ஆணைக் குறிக்கும் 'மேல்' என்பதற்கும் பிறப்பில் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஓசை பார்த்துப் பின்னால் யாரோ ஜோடி சேர்த்து வைத்தார்கள் என்றதும், "எங்க கல்யாணமும் அப்பிடித்தான்" என்றது நங்கூரம்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் குரல் எடுத்தால், வாடகைக் கார் ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் புருஷன் எழுந்து உட்காருவான்.

"என்னடி, எந்தக் குயினு உள்ள இருக்கா?"

"எட்டுப் பேரு!"

"தண்ணி மீட்டர் ஓடுது, எட்டுப் பேரையும் வெளிய வரச் சொல்லு." பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அவன் பதிலுக்குத் தட்டினான். பிறகு கதவருகே வந்து மெதுவாகக் கேட்டான். "தோத்துட்டா என்ன பண்ணுவ?"

அவள் குழாயை மூடினாள். "துணி பிரிப்பேன். வேறென்ன." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "ஆனா ஒண்ணுங்க. படிச்சதெல்லாம் இங்க யாருக்கும் வேணாம்னு நெனச்சேன். எட்டுப் பேரு காது கொடுத்துக் கேக்குறாங்க. பாய்லர் அண்ணன் திரும்பி வந்தா அது போயிடும்."

மறுநாள் காலையில் அவள் பையில் அவன் வைத்த, தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒரு பொட்டலம் இருந்தது.

விழா நாள். புல்தரையில் பாதி மருத்துவமனை கூடியிருந்தது. மீதிப் பாதி ஜன்னல்களில். கார் நிறுத்துமிடத்துக் காவலர்தான் நடுவர். ஊதலும் தொப்பியும் அவருக்குப் பழக்கம். முதல் சுற்றில் மருந்தகத்துப் பெண்கள் வந்த வேகத்தில் போனார்கள். அடுத்த சுற்றில் எக்ஸ்ரே பிரிவு. அவர்கள் நல்லவர்கள், சீக்கிரமே விழுந்தார்கள். சலவைக்கூடம் முதல்முதலாக இறுதிப் போட்டியில் நின்றது. எதிரே சமையல்கூடம். தினமும் அண்டா தூக்கும் தோள்கள். முதலாவதாக நின்றவள் ரொட்டி மாவு பிசைகிறவள். அவள் முன்னங்கை சின்னதின் தொடை அளவு இருந்தது. அவர்களுக்குக் குரல் கொடுக்க ஸ்டோர் கீப்பர், மார்பு நிறையக் காற்றோடு.

"பிடி!" என்றார் நடுவர். "இறுக்கு! அசையாதே!" ஊதல்.

மூன்று முறை இழுக்க வேண்டும். இரண்டில் ஜெயித்தவருக்கு வெற்றி. கயிறு விறைத்து நின்றது. இப்போது, இப்போது என்று அகராதியின் ரத்தம் குதித்தது. வாய் திறந்தது. பயத்தில் வந்து விழுந்தது என்னவோ, "லேடீஸ்!"

எட்டுப் பேரும் அழகாக இழுத்து, அழகாக ஓரடி முன்னால் வந்து, அப்படியே கோட்டைத் தாண்டி எதிராளி கையில் போய் நின்றார்கள்.

அகராதி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். போதாக்குறைக்கு அந்தச் சொல்லின் பூர்வீகம் வேறு அப்போதுதான் மண்டையில் மணியடித்தது. "ஐயையோ பெரியம்மா, லேடின்னா ஆதியில ரொட்டி மாவு பிசையறவ! நான் நம்ம ஆளுங்களையா கூப்பிட்டேன், எதிர்ல நிக்கிறவளக் கூப்பிட்டிருக்கேன்!"

"எழுந்திரிடி!" என்றது நங்கூரம். "அவளக் கூப்பிட்டா அவதான் இழுப்பா. எங்களக் கூப்பிடு!"

பாய்லர்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசைப் பக்கம் வந்தார். "நகரும்மா. பச்சப் புள்ள வெளயாட்டு இல்ல இது."

இஸ்திரியக்கா கயிற்றை விடாமலே தலையைத் திருப்பினாள். "இன்னும் ரெண்டு இருக்கு மாமா. தள்ளி நில்லுங்க."

இரண்டாவது இழுப்பில் அகராதியின் வாய் அவள் சொன்னபடி கேட்டது. எதிரணியின் தோள்கள் ஏறி இறங்குவதையே பார்த்திருந்து, இறங்கிய நொடியில், "ஒய்வ்ஸ்!" கயிறு ஒரு முழம் வந்தது. "டேம்ஸ்!" இன்னொரு முழம். "குயீன்ஸ்!" எட்டுக் குதிகால்களும் புல்லைப் பெயர்த்துக்கொண்டு பின்னால் போயின. ஜன்னல்களில் கைதட்டல். ஆளுக்கொன்று!

மூன்றாவதுதான் உயிரை எடுத்தது. சமையல்கூடத்துக்காரர்கள் இப்போது உஷாராகிவிட்டார்கள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் காலை ஊன்றிக்கொண்டார்கள். சொன்ன சொல்லையே சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! அகராதி வரிசையோடு வரிசையாக ஓடினாள். ஆதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நூற்றாண்டாக இறைத்தாள். ஒய்வ்ஸ், குயீன்ஸ், டேம்ஸ், மெய்ட்ஸ். கயிறு ஒரு சாண் வரும், ஒரு சாண் போகும். சின்னதின் முகம் பீட்ரூட். நங்கூரத்தின் கழுத்து நரம்பு கயிறு போலவே புடைத்தது.

"அடுத்தது என்னடி?" என்று பின்னாலிருந்து நங்கூரம் உறுமினாள். "சீக்கிரம் சொல்லு!"

அடுத்தது இல்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது. ஸ்டோர் கீப்பர் பெரிய மூச்சை இழுப்பதைப் பார்த்தாள். அவர் கத்தினால் கதை முடிந்தது. நூலகத்தில் படித்து, வெட்கப்பட்டுக்கொண்டு முற்றத்துக்கே கொண்டுவராமல் வைத்திருந்த ஒரு சொல் மட்டும் அடியில் கிடந்தது. ஆங்கிலம் தெரிந்த யாரும் நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லாத வசை. அடங்காப்பிடாரி, மானங்கெட்டவள் எல்லாம் சேர்ந்த ஒன்று.

"ஹஸீஸ்!" என்று அலறினாள்.

வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. இரண்டு தட்டு! போச்சு, மடிக்கப் போகிறார்கள்!

மடிக்க நேரமில்லை. எதிரே முதலாவதாக நின்ற மாவு பிசைகிறவள் "என்ன சொன்னா?" என்று வாயைப் பிளந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பும் இழுப்பும் ஒரே வயிற்றில் நிற்குமா? கயிறு சரசரவென்று வந்தது. சலவைக்கூடத்தின் எட்டுப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தியாக நங்கூரத்தின் மடியில் போய் விழுந்தார்கள். கயிற்றின் நடுவே அடையாளத்துக்குக் கட்டிய துணி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கிடந்தது.

அகராதி கத்தவில்லை. கத்தக் குரல் இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தாள்.

"செல்லாது!" ஸ்டோர் கீப்பர் நடுவரிடம் பாய்ந்தார். "அசிங்கமாத் திட்டுனா! திட்டுனா ஆட்டம் செல்லாதுன்னு விதி இருக்கு!"

பாய்லர்காரரும் வந்து சேர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு நாக்கு..." என்று ஆரம்பித்து, இஸ்திரியக்கா கண்ணைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

நடுவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அகராதியிடம் வந்தார். "திட்டுனியாம்மா?"

குதித்த கால் நின்றது. இப்போது செல்லாது என்றால் தோற்றதும் அவளால், அவமானமும் அவளால். இனி இந்த அணியின் பக்கம் வாயைத் திறக்க வழியே இல்லை.

"ஐயா, அது இன்னிக்கு வசைதான். ஒத்துக்கறேன்" என்றாள், கரகரத்த தொண்டையோடு. "ஆனா அந்த ஹஸி பொறந்தப்போ ஹவுஸ்ஒய்ஃப். வீட்டக் கட்டி ஆண்டவ. வாய்க்கு வாய் தேஞ்சு தேஞ்சு, மரியாதையும் தேஞ்சு போச்சு. எங்கிட்ட வேற சொல்லு மிச்சமில்லைங்கய்யா. கையில இருந்ததத் தூக்கிப் போட்டேன்."

நடுவர் தாடையைச் சொறிந்தார். "பூர்வீகம் எனக்கெதுக்கும்மா. யாரச் சொன்ன? அவங்களையா?"

"இல்லைங்க. எங்க ஆளுங்கள."

"அவங்க ஆளுங்களைத்தான் சொன்னாளாம்" என்று நடுவர் ஸ்டோர் கீப்பரிடம் திரும்பினார். "எதிர்ப் பக்கத்தத் திட்டுனாதான் விதி. சொந்த ஆளுங்களத் திட்டுனா அவங்கதான் புகார் கொடுக்கணும்." பிறகு புல்லில் குவிந்து கிடந்த எட்டுப் பேரிடம் போய், இடுப்பை வளைத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "அம்மா, உங்கள இப்பிடிக் கூப்பிட்டதுல உங்களுக்குப் புகார் இருக்கா?"

அகராதி கண்ணை மூடிக்கொண்டாள். கேர்ள்ஸ் என்றதற்கே கயிற்றைக் கீழே வைத்த பெண்கள்.

குவியலின் அடியிலிருந்து நங்கூரத்தின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "இருக்கு. இத ஏன் கடைசி வரைக்கும் ஒளிச்சு வெச்சா? முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டே இழுப்புல முடிச்சிருப்போம்ல?"

சின்னது உருண்டு உருண்டு சிரித்தாள். எதிர்ப்பக்கத்து மாவு பிசைகிறவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இஸ்திரியக்கா எழுந்து, முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, நடுவரைப் பார்க்காமல் தன் அக்கா புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"தலைவியா நான் சொல்றேன். புகார் எதுவும் இல்ல. எங்க டீமுக்கு இவதான் குரல். எங்கள என்ன சொல்லிக் கூப்பிடணும்னு இவளுக்குத் தெரியும்."

பாய்லர்காரர் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். "அந்தச் சொல்லு..." என்று அகராதியிடம் வந்தார். "அத எப்பிடிச் சொல்லணும்? வயித்துல இருந்தா, தொண்டையில இருந்தா?"

வெற்றியை அறிவிக்க நடுவர் ஊதலை வாயில் வைத்தார். அகராதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.